கிரானி சதுர ஆடை

கிரானி சதுர ஆடை என்பது, குரோசே ஊசியால் தனித்தனியாகப் பின்னப்பட்ட சிறு சதுரங்களை ஒன்றோடொன்று இணைத்து உருவாக்கப்படும் உடுப்பு ஆகும். இச்சதுரங்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுற்றுச் சுற்றாகப் பின்னப்படுகின்றன. நடுப்பகுதியில் இதழ்கள் போன்ற அமைப்பு இருந்தால் அவை பூச்சதுரங்கள் எனப்படும். மேற்சட்டை, கையில்லாச் சட்டை, தோள் போர்வை, பாவாடை, கைப்பை முதலியன இம்முறையில் செய்யப்படுகின்றன. துணியை வெட்டித் தைக்கும் ஆடைகளைப் போலன்றி, இவ்வாடையின் வடிவம் பெரும்பாலும் எண்ணிக்கையாலேயே அமைகிறது. எத்தனை சதுரங்கள், எந்த அளவில், எந்த வரிசையில் என்பதைக் கணக்கிட்டால் ஆடையின் அளவு கிடைத்துவிடும். குரோசே வேலையை வணிக அளவில் செய்யும் இயந்திரம் இல்லை என்பதால், கடையில் விற்கப்படும் ஒவ்வொரு கிரானி சதுர ஆடையும் யாரோ ஒருவர் கையால் பின்னியதே ஆகும்.

== பெயர் ==

குரோசே என்னும் சொல் கொக்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் இது குரோஷா என்றும், இதற்கான ஊசி குரோஷா ஊசி என்றும் வழங்கும். கொக்கிப் பின்னல் என்ற தமிழாக்கமும் உண்டு.

கிரானி என்பது ஆங்கிலத்தில் பாட்டியைக் குறிக்கும் செல்லச் சொல். பிரெஞ்சு மொழியிலும் இதனைப் பாட்டிச் சதுரம் என்றே அழைக்கின்றனர். வீட்டில் மீந்த நூல்களைக் கொண்டு மூதாட்டியர் பின்னும் போர்வை என்ற எண்ணமே இப்பெயரில் தொனிக்கிறது. வட அமெரிக்காவில் இத்தகைய போர்வைகளை ஆப்கான் என்பர். இச்சொல் ஆப்கானித்தானின் பெயரிலிருந்து வந்தது.

== வரலாறு ==

குரோசே பழைமையான கலையாகக் கருதப்பட்டாலும், அதற்கான எழுத்துச் சான்றுகள் 19 ஆம் நூற்றாண்டிலேயே கிடைக்கின்றன. அச்சில் வெளிவந்த குரோசே வடிவங்களுள் மிகப் பழையனவாக அறியப்படுபவை, 1823 ஆம் ஆண்டு பெனலோப்பே என்னும் டச்சு இதழில் வெளியானவை ஆகும்.

தனித்தனி உறுப்புகளைப் பின்னிப் பின்னர் இணைக்கும் முறை அயர்லாந்தில் பெரிதும் வளர்ந்தது. 1845 முதல் 1852 வரை அந்நாட்டில் நிலவிய பெரும் பஞ்சத்தின் போது, பல குடும்பங்களுக்குக் குரோசே லேஸ் பின்னுதல் வருமானம் தரும் தொழிலாக அமைந்தது. ரோசாப்பூ, இலை, கொடி முதலியவற்றைத் தனித்தனியே பின்னி, அவற்றை வலை போன்ற பின்புலத்தால் இணைத்துக் கழுத்துப் பட்டைகளும் மேலாடைகளும் செய்தனர். இதழடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி நிற்கும் ஐரிய ரோசா இன்றும் பூச்சதுரங்களின் நடுவில் பயன்படுகிறது.

இன்று கிரானி சதுரம் என அறியப்படும் வடிவத்தின் அச்சுச் சான்றுகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது, 1885 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் பிரெய்ரி ஃபார்மர் என்னும் வேளாண் இதழில் வெளிவந்ததாகும். மீந்த துணித் துண்டுகளை ஒட்டுப் போட்டு மெத்தைப் போர்வை தைக்கும் வழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. அதே சிக்கன நோக்கம் கம்பளி நூலுக்கும் பொருந்தியது. ஒரு முழு ஆடைக்குப் போதாத சிறு நூலுருண்டை, ஒரு சதுரத்தின் ஒரு சுற்றுக்குப் போதும்.

இச்சதுரம் போர்வையிலிருந்து உடைக்குப் பெருமளவில் இடம் பெயர்ந்தது 1960களிலும் 1970களிலும் ஆகும். கையால் செய்த பொருள்களை விரும்பிய இளைஞர் பண்பாடும், 1950 ஆம் ஆண்டு முதல் வணிக அளவில் உற்பத்தியான அக்ரிலிக் இழையும் இதற்குத் துணை நின்றன. அக்ரிலிக் நூல் விலை குறைவாகவும் பல வண்ணங்களிலும் கிடைத்தது. கறுப்பு ஓரமும் பல வண்ண நடுவும் கொண்ட சதுரங்கள் அக்காலத் தோற்றத்தின் அடையாளமாயின. 1988 இல் தொடங்கிய ரோசன் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் சாய்விருக்கையின் மீது கிடக்கும் கிரானி சதுரப் போர்வை, உழைக்கும் குடும்பத்து வீட்டின் அடையாளமாகப் பலர் நினைவில் பதிந்தது.

2020 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் இருந்தபடி செய்யும் கைவேலைகள் மீது ஆர்வம் கூடியது. அவ்வாண்டு பாடகர் ஆரி இசுடைல்சு அணிந்த பல வண்ணச் சதுரங்கள் கொண்ட மேற்சட்டையைப் பலரும் தாமே செய்து பார்த்துச் சமூக ஊடகங்களில் வெளியிட்டனர். அது குரோசே அன்று, இரட்டை ஊசிகளால் பின்னப்பட்ட ஆடை ஆகும். எனினும் சதுரங்களை இணைத்து ஆடை செய்யும் எண்ணத்தை இளைய தலைமுறையினரிடம் அது பரப்பியது. அதே ஆண்டில் இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவ்வகை மேற்சட்டையைத் தனது தொகுப்பில் சேர்த்துக் கொண்டது.

== அடிப்படைக் கண்ணிகள் ==

குரோசே வேலைக்கு முனையில் கொக்கி உள்ள ஓர் ஊசியும் நூலும் போதும். இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் நிற்கும். குரோசேயில் பெரும்பாலும் ஒரு கண்ணி மட்டுமே ஊசியில் இருக்கும். ஆகவே வேலையை எந்த இடத்திலும் நிறுத்தலாம், எந்தத் திசையிலும் திருப்பலாம். நடுவிலிருந்து சுற்றிப் பின்னுவது எளிதாவதற்கு இதுவே காரணம்.

கிரானி சதுரத்திற்குத் தேவையான கண்ணிகள் நான்கு:

* சங்கிலிக் கண்ணி: ஊசியில் உள்ள வளையத்தின் வழியே நூலை ஒருமுறை இழுப்பது.
* நழுவு கண்ணி: ஊசியை ஒரு கண்ணிக்குள் விட்டு, நூலை அதன் வழியாகவும் ஊசியில் உள்ள வளையத்தின் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுப்பது. சுற்றை மூடுவதற்கு உதவும்.
* குட்டைக் கண்ணி: ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்து, ஊசியில் உள்ள இரண்டு வளையங்களையும் சேர்த்து முடிப்பது.
* நெடுங்கண்ணி: முதலில் நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொண்டு, பின் ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்து, மூன்று வளையங்களையும் இரண்டிரண்டாக முடிப்பது.

குரோசே குறிப்புகளைப் படிப்பவர் ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். குட்டைக் கண்ணியை அமெரிக்க நூல்கள் சிங்கிள் குரோசே என்றும் பிரித்தானிய நூல்கள் டபுள் குரோசே என்றும் குறிக்கின்றன. நெடுங்கண்ணி அமெரிக்க முறையில் டபுள் குரோசே, பிரித்தானிய முறையில் டிரெபிள் குரோசே ஆகும். ஒரே பெயர் இரு வேறு கண்ணிகளைச் சுட்டுவதால், குறிப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை அறியாமல் தொடங்கினால் ஆடையின் அளவு முற்றிலும் மாறிவிடும்.

== சதுரத்தின் அமைப்பு ==

மரபான கிரானி சதுரத்தின் அடிப்படை அலகு, ஒரே இடைவெளிக்குள் பின்னப்படும் மூன்று நெடுங்கண்ணிகள் ஆகும். இதனைக் கொத்து எனலாம்.

# முதல் சுற்று: சில சங்கிலிகளை வளையமாக்கி, அதனுள் நான்கு கொத்துகள் பின்னப்படும். கொத்துகளுக்கு இடையே இரண்டு சங்கிலிகள் விடப்படும். இந்த நான்கு இடைவெளிகளே சதுரத்தின் நான்கு மூலைகள்.
# இரண்டாம் சுற்று: ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் ஒரு கொத்து, இரண்டு சங்கிலி, மீண்டும் ஒரு கொத்து பின்னப்படும். மூலைகளுக்கு நடுவே ஒரு சங்கிலி விடப்படும்.
# அடுத்த சுற்றுகள்: மூலைகளில் இரண்டு கொத்துகளும், பக்கங்களில் உள்ள ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு கொத்தும் பின்னப்படும்.

இவ்வாறு செய்யும்போது ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்திற்கு ஒரு கொத்து வீதம் நான்கு கொத்துகள் கூடுகின்றன. முதல் சுற்றில் 4 கொத்துகள், இரண்டாவதில் 8, மூன்றாவதில் 12 என வளரும். நெடுங்கண்ணிகளாகக் கணக்கிட்டால் இது 12, 24, 36, 48, 60 ஆகும். ஐந்து சுற்றுகள் கொண்ட ஒரு சதுரத்தில் மொத்தம் 180 நெடுங்கண்ணிகள் இருக்கும். பத்துச் சுற்றுகள் கொண்ட சதுரத்தில் 660 இருக்கும். சுற்றுகள் இரு மடங்கானால் வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பதை இது காட்டுகிறது.

சதுரம் தட்டையாக இருப்பதற்கும் இந்தக் கூட்டலே காரணம். ஒவ்வொரு சுற்றிலும் சதுரத்தின் சுற்றளவு குறிப்பிட்ட அளவு நீள்கிறது. அந்நீளத்தை நிரப்பும் அளவு கண்ணிகள் கூட வேண்டும். குறைவாகக் கூட்டினால் பின்னல் கிண்ணம் போலக் குழியும், மிகுதியாகக் கூட்டினால் ஓரம் கொசுவம் போல அலையும். இந்த இயல்பைப் பயன்படுத்தியே கணிதவியலாளர் டைனா தைமினா, 1997 ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதிபரவளையத் தளங்களைக் குரோசேயில் பின்னி மாணவர்களுக்குக் காட்டினார்.

== பூச்சதுரங்கள் ==

பூச்சதுரத்தில் நடுவே வட்டமான பூ பின்னப்பட்டு, பின்னர் அது சதுரமாக்கப்படுகிறது. வட்டத்தைச் சதுரமாக்கும் சுற்றே இதில் முதன்மையானது. பூவின் இதழ்களின் எண்ணிக்கை நான்கால் வகுபடுவதாக இருந்தால் இது எளிது. கதிர்ப்பூச் சதுரம் என்று சொல்லத்தக்க பரவலான ஒரு வகையின் அமைப்பு வருமாறு:

# முதல் சுற்று: வளையத்தினுள் 12 நெடுங்கண்ணிகள். இது பூவின் நடு.
# இரண்டாம் சுற்று: வேறு வண்ண நூலால், முதல் சுற்றின் ஒவ்வோர் இடைவெளியிலும் ஓர் உப்பல் கண்ணி. ஒரே இடத்தில் நூலைப் பலமுறை இழுத்து ஒன்றாக முடிப்பதால் இது இதழ் போல உப்பி நிற்கும். மொத்தம் 12 இதழ்கள்.
# மூன்றாம் சுற்று: பின்னணி வண்ணத்தில், இதழ்களுக்கு இடையே உள்ள 12 இடைவெளிகளிலும் ஒவ்வொரு கொத்து. மொத்தம் 36 நெடுங்கண்ணிகள். இதுவரை வடிவம் வட்டமே.
# நான்காம் சுற்று: 12 இடைவெளிகளில் ஒவ்வொரு மூன்றாவது இடைவெளியும் மூலையாகிறது. மூலையில் இரண்டு கொத்துகளும் நடுவில் இரண்டு சங்கிலிகளும், மற்ற எட்டு இடைவெளிகளில் ஒவ்வொரு கொத்தும் பின்னப்படும். மொத்தம் 48 கண்ணிகள்.

வட்டத்திலிருந்து மூலை வெளியே நீள வேண்டியிருப்பதால், நான்காம் சுற்றின் மூலைகளில் நெடுங்கண்ணியைவிடச் சற்று உயரமான கண்ணிகளைப் பயன்படுத்துவதும் உண்டு. மூன்றாம், நான்காம் சுற்றுகளின் கண்ணி எண்ணிக்கை மரபான சதுரத்தின் அதே சுற்றுகளுக்குச் சமமாக இருப்பதைக் காணலாம். இதனால் பூச்சதுரத்தையும் சாதாரணச் சதுரத்தையும் ஒரே ஆடையில் கலந்து இணைக்க முடிகிறது.

ஏனைய வகைகளுள் குறிப்பிடத்தக்கவை:

* ஐரிய ரோசா: இதழ்களின் பின்புறம் சங்கிலி வளைவுகள் பின்னப்பட்டு, அவற்றின் மீது அடுத்த இதழடுக்கு எழுப்பப்படும். புடைப்பாக இருப்பதால் அமரும்போதும் சாயும்போதும் அழுந்தும் இடங்களில் இதனைத் தவிர்ப்பர்.
* டெய்சி: மஞ்சள் நடுவும் வெள்ளை இதழ்களும் கொண்டது. வண்ண அமைப்பால் மட்டுமே பூவாகத் தெரிவதால் தொடக்க நிலையினர் எளிதில் கற்கலாம்.
* ஆப்பிரிக்கப் பூ: ஆறு இதழ்கள் கொண்டது. ஆறு மூலைகள் அமைவதால் அறுகோணமாக முடியும். இதழ்களுக்கு இடையே நீண்ட கண்ணிகள் உள்ளிறங்கி இதழ்களைப் பிரித்துக் காட்டும். அறுகோணங்களும் இடைவெளியின்றி அடுக்கக்கூடியவையே, ஆனால் ஆடையின் நேரான ஓரங்களில் பாதி அறுகோணங்கள் தேவைப்படும்.

== ஆடையாக்கம் ==

=== நூலும் ஊசியும் ===

ஆடைக்குப் பொதுவாக நடுத்தரத் தடிமனுள்ள நூலும் 3.5 முதல் 4.5 மி.மீ. வரையிலான ஊசியும் பயன்படுகின்றன. தடித்த நூலில் வேலை விரைவாக முடியும், ஆனால் ஆடை விறைப்பாகவும் பாரமாகவும் இருக்கும். கம்பளி நூல் மீள்தன்மை உடையது, குளிர்நாடுகளுக்கு ஏற்றது. பருத்தி நூல் வெப்ப நாடுகளில் அணிய இதமானது, பூ வடிவத்தைத் தெளிவாகக் காட்டும். எனினும் பருத்திக்குப் பாரம் மிகுதி, மீள்தன்மை குறைவு. அக்ரிலிக் இலேசானது, எளிதில் துவைக்கத்தக்கது, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. எந்த நூலாயினும் ஓர் ஆடை முழுவதும் ஒரே தடிமனில் இருத்தல் வேண்டும். இல்லையெனில் ஒரே எண்ணிக்கையில் பின்னிய சதுரங்கள் வெவ்வேறு அளவில் அமையும்.

=== மாதிரிச் சதுரம் ===

ஒவ்வொருவரும் நூலை இழுத்துப் பிடிக்கும் இறுக்கம் வேறுபடும். ஆகவே ஆடையைத் தொடங்கும் முன் ஒரு சதுரத்தைப் பின்னி, அதனை நனைத்து, ஊசிகள் குத்தி விரித்து உலர்த்திய பின் அளக்க வேண்டும். ஒரு சதுரத்தில் அரை செ.மீ. வேறுபாடு இருந்தால், எட்டுச் சதுரங்கள் கொண்ட மார்புச் சுற்றளவில் அது 4 செ.மீ. ஆகிவிடும். மாதிரிச் சதுரத்தை எடை போட்டு, தேவையான சதுரங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் நூலின் தேவை தெரியும். இணைப்பதற்கும் ஓரப் பட்டைகளுக்கும் கூடுதலாக நூல் வாங்கி வைத்தல் நலம். சாயமிடும் தொகுதி மாறினால் ஒரே வண்ணத்திலும் சிறு வேறுபாடு தோன்றும்.

=== எண்ணிக்கைக் கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு ===

மார்புச் சுற்றளவு 90 செ.மீ. உள்ள ஒருவருக்கு முன்பக்கம் திறந்த மேற்சட்டை செய்வதாகக் கொள்வோம். தளர்வுக்கு 10 செ.மீ. சேர்த்தால் ஆடையின் சுற்றளவு 100 செ.மீ. ஆகும். ஐந்து சுற்றுகள் கொண்ட சதுரம் 12.5 செ.மீ. அளவில் அமைந்தால் சுற்றளவுக்கு எட்டுச் சதுரங்கள் தேவை. இவற்றுள் நான்கு முதுகுக்கும், இரண்டிரண்டு முன்பக்கங்களுக்கும் ஆகும்.

* உடல்: 8 நிரல், 4 வரிசை. மொத்தம் 32. உயரம் 50 செ.மீ.
* கைகள்: ஒவ்வொரு கைக்கும் சுற்றில் 4, நீளத்தில் 3. இரு கைகளுக்கும் மொத்தம் 24.
* கழுத்து: முன்பக்க மேல் வரிசையில் நடுவை ஒட்டிய இரண்டு சதுரங்களுக்குப் பதிலாக இரண்டு அரைச் சதுரங்கள், அதாவது முக்கோணங்கள்.

ஆக, 54 சதுரங்களும் 2 முக்கோணங்களும் தேவைப்படும். உடலின் பக்கவாட்டில் கீழ் இரண்டு வரிசைகள் மட்டும் இணைக்கப்படும். மேல் இரண்டு வரிசைகள் கைக்குழியாகத் திறந்திருக்கும். அதன் முன்பக்கத்தில் இரண்டு, பின்பக்கத்தில் இரண்டு என நான்கு ஓரங்கள் இருப்பதால், நான்கு சதுரங்கள் கொண்ட கை அதில் சரியாகப் பொருந்தும். தோளில் பக்கத்திற்கு ஒரு சதுரம் மட்டுமே இணைவதால் கழுத்து 25 செ.மீ. அகலம் இருக்கும். கழுத்தையும் முன் ஓரங்களையும் சுற்றி இரண்டு அல்லது மூன்று செ.மீ. அகலத்தில் பட்டை பின்னினால் இது குறையும். மணிக்கட்டிலும் கீழ் ஓரத்திலும் இவ்வாறே பட்டை பின்னுவர்.

வேறு அளவினருக்கு ஆடை தேவைப்பட்டால் இரு வழிகள் உள்ளன. ஒன்று, சதுரங்களின் எண்ணிக்கையை மாற்றுவது. மற்றொன்று, எண்ணிக்கையை அப்படியே வைத்து ஊசியின் அளவையோ சுற்றுகளையோ மாற்றிச் சதுரத்தின் அளவை மாற்றுவது. முதல் வழியில் அளவு ஒரு சதுரத்தின் அகலம் அளவுக்குத் தாவும். நுணுக்கமான மாற்றத்திற்கு இரண்டாவது வழியே ஏற்றது.

=== இணைத்தல் ===

மேற்கண்ட எடுத்துக்காட்டில் இணைக்க வேண்டிய ஓரங்கள் 98. ஒவ்வொன்றும் 12.5 செ.மீ. எனில் இணைப்பின் மொத்த நீளம் 12 மீட்டருக்கும் மேல். ஆகவே இணைப்பு முறையின் தேர்வு ஆடையின் தோற்றத்தையும் உறுதியையும் தீர்மானிக்கிறது.

* தையலூசியால் தைத்தல்: இணைப்பு மெல்லியதாகவும் தட்டையாகவும் இருக்கும். ஆடைகளுக்கு ஏற்றது.
* குட்டைக் கண்ணியால் இணைத்தல்: உறுதியானது. இணைப்பு வரம்பு போலப் புடைத்து நிற்கும், சிலர் இதனை அழகாகவே கருதிப் புறப்பக்கத்தில் வைப்பர்.
* பின்னிக்கொண்டே இணைத்தல்: ஒவ்வொரு சதுரத்தின் கடைசிச் சுற்றைப் பின்னும்போதே அடுத்த சதுரத்தோடு கோத்துவிடுவது. தனியே தைக்க வேண்டியதில்லை, ஆனால் சதுரங்களின் வரிசையை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

இணைக்கும் முன் எல்லாச் சதுரங்களையும் தரையில் பரப்பி வண்ண வரிசையைப் பார்ப்பது வழக்கம்.

=== நூல் முனைகள் ===

வண்ணம் மாறும் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு நூல் முனைகள் மீறும். மூன்று வண்ணச் சதுரத்தில் ஆறு முனைகள். மேற்கண்ட ஆடையில் 300க்கும் மேற்பட்ட முனைகள் இருக்கும். இவற்றை மழுங்கிய முனையுள்ள ஊசியால் கண்ணிகளுக்குள் முன்னும் பின்னுமாகக் கோத்து மறைக்க வேண்டும். முடிச்சிட்டு வெட்டிவிட்டால் சில சலவைகளில் அவிழத் தொடங்கும். சதுரத்தின் நடுவில் உள்ள முனை அவிழ்ந்தால் பூ முழுவதும் கலைந்துவிடும். பின்னும்போதே முனைகளை உள்ளே வைத்துப் பின்னுவதும், ஒவ்வொரு சதுரம் முடிந்தவுடன் அதன் முனைகளைக் கோத்துவிடுவதும் நல்ல பழக்கங்கள்.

== இயல்புகளும் குறைகளும் ==

கிரானி சதுரத்தில் கொத்துகளுக்கு இடையே துளைகள் உள்ளன. அதனால் காற்றோட்டம் கிடைக்கிறது. அதே காரணத்தால் உள்ளாடையின் மேல் அணிய வேண்டும் அல்லது உள்துணி வைத்துத் தைக்க வேண்டும். பாரம் காரணமாக ஆடை நாளடைவில் கீழ்நோக்கி நீளும். தோள் இணைப்பை இறுக்கமாகத் தைப்பதும், பருத்தி ஆடைகளை ஓரளவு குட்டையாகத் திட்டமிடுவதும் இதனைக் குறைக்கும்.

சதுரங்களால் ஆன ஆடை இயல்பாகவே பெட்டி போன்ற வடிவம் கொண்டது. இடுப்பில் ஒடுங்கும் வடிவம் வேண்டுமானால் அவ்வரிசைச் சதுரங்களைச் சிறிய ஊசியால் பின்னலாம். மறுபுறம், பழுது பார்ப்பது எளிது என்பது இவ்வமைப்பின் சிறப்பு. ஒரு சதுரம் கிழிந்தாலோ கறைபட்டாலோ அதனை மட்டும் பிரித்தெடுத்து வேறொன்றைப் பொருத்தலாம். வளரும் குழந்தையின் ஆடைக்கு ஒரு வரிசையைக் கூட்டலாம்.

== கையுழைப்பும் விலையும் ==

திருப்பூர் போன்ற நகரங்களில் உற்பத்தியாகும் பின்னலாடைகள் இயந்திரங்களால் பின்னப்படுபவை. குரோசே கண்ணி அவ்வாறு அமைவதில்லை. ஒவ்வொரு கண்ணியும் முப்பரிமாணத்தில் ஊசியைத் திருப்பி, ஏற்கனவே பின்னிய பகுதியின் வெவ்வேறு இடங்களில் நுழைத்துச் செய்யப்படுவதால், அதனை இயந்திரமாக்குவது கடினமாக இருந்துவருகிறது. குரோசே இயந்திரம் என்ற பெயரில் ஆலைகளில் உள்ளவை உண்மையில் பாவுப் பின்னல் வகையைச் சேர்ந்தவை. குரோசே கண்ணிகளை உருவாக்கும் சில முன்மாதிரிகள் ஆய்வுக்கூடங்களில் செய்யப்பட்டுள்ளன, ஆனால் அவை கையுழைப்புக்கு மாற்றாகவில்லை.

இதன் விளைவை மேற்கண்ட எடுத்துக்காட்டிலேயே காணலாம். பயிற்சி உள்ள ஒருவர் ஒரு சதுரத்தை 30 நிமிடங்களில் முடிப்பதாகக் கொண்டால், 54 சதுரங்களுக்கு மட்டும் 27 மணி நேரம் ஆகும். முக்கோணங்கள், இணைத்தல், முனை கோத்தல், ஓரப் பட்டை ஆகியவை இதற்கு மேல். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் ஓர் ஆடைக்கு நான்கு நாட்களுக்குக் குறையாது. எனவே இத்தகைய ஆடை மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும்போது, நூலின் விலையையும் கடையின் இலாபத்தையும் கழித்தால் பின்னியவருக்கு எஞ்சுவது என்ன என்ற கேள்வி எழுகிறது. துரித நவநாகரிக ஆடை விற்பனையில் குரோசே ஆடைகள் இடம்பெறும் போதெல்லாம் இக்கேள்வி கைவினைஞர்களால் எழுப்பப்படுகிறது.

இந்தியாவில் இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று ஒன்று உண்டு. ஆந்திரப் பிரதேசத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்திலுள்ள நரசாபுரம் குரோசே லேஸ் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இத்தொழில் 19 ஆம் நூற்றாண்டில் கிறித்தவ சமயப் பரப்புநர்களால் அங்கு அறிமுகப்படுத்தப்பட்டது. செருமானிய சமூகவியலாளர் மரியா மீசு, நரசாபுரத்து லேஸ் தொழிலாளர் பற்றிய தமது ஆய்வை 1982 இல் நூலாக வெளியிட்டார். வீட்டிலிருந்தபடி உலகச் சந்தைக்காகப் பின்னும் பெண்கள் தொழிலாளராகக் கருதப்படாமல், ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டதால் அவர்களுடைய கூலி மிகக் குறைவாக இருந்தது என்பது அந்நூலின் மையக் கருத்தாகும். பாட்டியின் பொழுதுபோக்கு என்னும் பொருள்படும் பெயர்கள் இந்த உழைப்பின் மதிப்பை மறைக்கக்கூடும் என்பதற்கு இவ்வாய்வு எடுத்துக்காட்டாக உள்ளது. நரசாபுரம் குரோசே லேஸ் 2024 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

== தமிழ்நாட்டில் ==

தமிழ்நாட்டில் குரோஷா வேலை தையல் வகுப்புகள் வாயிலாகவும் குடும்பங்களுக்குள்ளும் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. மேசை விரிப்பு, வாயில் தோரணம், கைப்பை, குழந்தைகளின் தொப்பி ஆகியவையே மிகுதியாகப் பின்னப்பட்டன. வெப்ப மிகுதியால் கம்பளி ஆடைகளுக்குத் தேவை குறைவு. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகள் இதற்கு விலக்கு. சமவெளிகளில் பருத்தி நூலில் பின்னிய கையில்லாச் சட்டைகளும் தோள் போர்வைகளும் அணியத்தக்கவை.

சிறு துண்டுகளைப் பலர் பின்னி ஒன்றாக இணைக்கும் முறை கூட்டு முயற்சிகளுக்கும் ஏற்றது. மதர் இந்தியாஸ் குரோசே குயின்சு என்னும் குழுவினர் பல இடங்களிலிருந்து வந்த பின்னல்களை இணைத்துச் சென்னையில் 2016 சனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோசே போர்வையை உருவாக்கினர். இது உலகின் மிகப் பெரிய குரோசே போர்வையாகக் கின்னசு உலக சாதனைகளில் பதிவு செய்யப்பட்டது.

== பராமரிப்பு ==

* குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் கையால் துவைத்தல் வேண்டும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுக்கலாம்.
* கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தால் ஆடை நீளும். தட்டையாக விரித்து நிழலில் உலர்த்த வேண்டும்.
* அலமாரியில் தொங்கவிடாமல் மடித்து வைக்க வேண்டும். கம்பளி ஆடைகளை அந்துப்பூச்சியிலிருந்து காக்க வேண்டும்.
* அக்ரிலிக் ஆடைகளின் மீது சூடான இசுத்திரிப் பெட்டியை வைத்தால் இழை உருகித் துவண்டுவிடும், மீண்டும் பழைய நிலைக்கு வராது.
* சிவப்பு, கருநீலம் போன்ற அடர் வண்ணங்களை வெள்ளையுடன் இணைக்கும் முன், மாதிரிச் சதுரத்தைத் துவைத்துச் சாயம் கசிகிறதா எனப் பார்க்க வேண்டும்.

== இவற்றையும் பார்க்கவும் ==

* குரோசே
* பின்னலாடை
* லேஸ்
* ஒட்டுத்துணி வேலை
* அதிபரவளைய வடிவவியல்